பெல்ட்டைக் கழற்றச் சொன்ன நாள்

எங்கள் படிப்பில் எத்தனையோ சொல்லிக் கொடுத்தார்கள். ரத்தம் எந்தக் குழாய் வழியாகப் போய் எந்தக் குழாய் வழியாகத் திரும்பி வரும், தண்ணீரில் குளோரின் இருந்தால் என்ன ஆகும், மெஷின் கத்தினால் முதலில் எதைப் பார்க்க வேண்டும், எதைத் தொடவே கூடாது, எல்லாம் பாடத்தில் இருந்தது. அப்பா வயசுள்ள ஒரு மனிதரிடம் ‘பெல்ட்டைக் கழற்றுங்கள்’ என்று எப்படிச் சொல்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல் டயாலிசிஸ் டெக்னீசியன் ஆக முடியாது என்று கடலூருக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் படித்தது சிதம்பரத்தில். வீடு கீரப்பாளையத்துக்குப் பக்கம். நெல் போட்டு, அறுத்து, உளுந்து தெளிக்கிற குடும்பம். இந்தப் படிப்பின் பெயரைச் சொன்னதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “டெக்னீசியன்னா டிவி, ஃபிரிட்ஜ் பாக்கறதா?” ஒருநாள் வீட்டுக்கு போன் போட்டு, “அம்மா, இன்னிக்கி கண்டக்டிவிட்டி டெஸ்ட்டு பாஸ் பண்ணிட்டேன்” என்று கத்தினேன். மெஷினுக்குள் கலக்கிற உப்புக் கரைசல் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது. அம்மா சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க, பெண்ணுக்கு கண்டக்டர் வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லி முடித்திருந்தார். எந்த டெப்போ என்று கேட்டு ஒரு மாமா எனக்கே போன் போட்டார்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அந்த மெஷின் மேல் பைத்தியம். பிளஸ் டூ வரைக்கும் தமிழில் படித்தவள், முதல் வருஷம் இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு வரிக்கு நாலு முறை அகராதி புரட்டினேன். ஆனால் லேபில் மெஷினின் முன்பக்கத்தைத் திறந்து காட்டிய அன்று எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு முழ நீளத்துக் குழல். அதற்குள்ளே தலைமுடி மாதிரி ஆயிரக்கணக்கில் நூல்கள், ஒவ்வொரு நூலுக்குள்ளும் ஓட்டை. உள்ளே ரத்தம் போகிறது, வெளியே மருந்துத் தண்ணீர் எதிர்த்திசையில் போகிறது, அழுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாண்டிவிடுகிறது. ரெண்டும் கலப்பதே இல்லை! வாய்க்காலில் தண்ணீர் திருப்பிப் பழகிய குடும்பத்துப் பெண்ணுக்கு இது புரியாதா? அன்றைக்கு ஹாஸ்டலில் எதிரே வந்தவளை எல்லாம் பிடித்து நிறுத்தி விளக்கம் சொன்னேன். கடைசியில் என்னைப் பார்த்தாலே மாடிப்படி மாறிப் போக ஆரம்பித்தார்கள்.

கடைசி வருஷம் பயிற்சிக்குக் கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். நாங்கள் மூன்று பெண்கள் திருப்பாதிரிப்புலியூரில் கோயில் தெருவுக்குப் பின்னால் ஒரு ரூம் எடுத்துத் தங்கினோம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வருவேன். சிப்காட் கெமிக்கல் கம்பெனிகள் பக்கம் வந்தால் மட்டும் மூக்கு என்னை எழுப்பிவிடும். அடுத்த நாள் காலை ஐந்தரைக்கெல்லாம் டயாலிசிஸ் வார்டின் தண்ணீர் அறையில் நின்று, அதே மூக்கை வைத்துக்கொண்டு குளோரின் சோதனை போடுவேன். மூக்கை நம்பக் கூடாது, சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்பது விதி. நான் ரெண்டையும் செய்வேன்.

இந்த வேலையின் உயிர் ஒரு கழித்தல் கணக்கில் இருக்கிறது. கிட்னி வேலை செய்யாதவருக்கு, குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை; உடம்பிலேயே தங்கிவிடும். கூடுதல் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லாமல் அவர் இருக்க வேண்டிய எடையை டாக்டர் கணித்துப் போட்டிருப்பார். அதற்குப் பெயர் டிரை வெயிட். நோயாளி வந்ததும் எடை போட வேண்டும், டிரை வெயிட்டைக் கழிக்க வேண்டும், மிச்சம் வருவதுதான் மெஷின் எடுக்க வேண்டிய தண்ணீர். குறைத்து எடுத்தால் மூச்சு வாங்கும். கூட்டி எடுத்தால் பிரஷர் விழும், கால் நரம்பு இழுக்கும், ஆளே மயங்கிவிடுவார். மூன்றாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் விடை தப்பாக வந்தால் பெஞ்சு மேல் நிற்க வேண்டியது நாமில்லை.

எடை போடுவதற்கு முன்னால் செருப்பு, போன், சாவிக்கொத்து எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். கைலி கட்டி வருகிறவர்கள் இடுப்பில் ஒரு பெல்ட் போடுவார்கள், நாலு விரல் அகலத்தில், ரெண்டு பக்கமும் பை வைத்து. அந்தப் பைக்குள் ஒரு பெட்டிக்கடையே இருக்கும். அதையும் கழற்றியாக வேண்டும். ஆண்களுக்கு எடை போடும் வேலையை வார்டில் ஒரு அண்ணன் பார்த்துக்கொண்டார். “பெல்ட்ட அவுருங்க, பெல்ட்ட அவுருங்க” என்று டீ விற்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போவார். எங்களுக்கு அதில் வேலையே வரவில்லை. வரவில்லையே என்று மூன்று பேரும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

பயிற்சி முடிகிற நேரத்தில் ஒரு பரீட்சை உண்டு. ஒரு நோயாளியை எடை போடுவதிலிருந்து ஊசி எடுத்துக் கட்டுப் போட்டு அனுப்புவது வரைக்கும் நாமே பார்க்க வேண்டும். வார்டு பொறுப்பில் இருந்த சீனியர் அக்கா தூரத்தில் நின்று பார்ப்பார்; வாயைத் திறக்க மாட்டார், ஆபத்து என்றால்தான் குறுக்கே வருவார். என் முறை ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. யாரைத் தரப்போகிறார் என்று நான் பரபரத்துக்கொண்டிருந்தபோது, “பாயை எடுத்துக்க” என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வார்டில் எல்லோரும் அவரை பாய் என்பார்கள். நான் மாமா என்பேன். எங்கள் பக்கம் அப்பா வயசுக்காரர் எல்லோரும் மாமாதான். பல வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்து, ஓல்டு டவுனில் மளிகைக் கடை வைத்திருந்தார். வார்டிலேயே வாய் ஓயாத மனிதர் அவர்தான். அவரிடம் ஒரு குணம்: பொய் சொல்ல மாட்டார். ஆனால் கேட்ட கேள்விக்கு நேராகப் பதிலும் சொல்ல மாட்டார். தண்ணி எவ்ளோ குடிச்சீங்க என்று கேட்டால், “வெயில பாத்தியாம்மா?” என்பார்.

மறுநாள் அவருடைய ஒரே மகளுக்கு நிக்காஹ். அந்த வாரம் முழுக்க வார்டில் அதே பேச்சு. பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து, ‘என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்’ என்று தன் வாயால் சொல்ல வேண்டும். மைக்கில், சபையே கேட்கும்படி. போன மாதம் ஒரு விசேஷ வீட்டில் ரெண்டு டம்ளர் சர்பத்தைக் குடித்துவிட்டு மூச்சு வாங்கி, பேச வந்த பேச்சைப் பாதியிலேயே விட்டிருந்தார். அதிலிருந்து அவருக்கு ஒரே பயம். “எனக்கு மூச்சு வாங்கிச்சுன்னா எங்க அண்ணன் சொல்லிடுவாரு. தப்பில்ல, சொல்லலாம். ஆனா பெத்தவன் நான் ஒக்காந்திருக்கறேன்ல?” என்று என்னிடம் சொன்னபோது முதல்முறையாக அவர் குரலில் விளையாட்டு இல்லை. ஒரு கிலோ ஜாஸ்தியாகத் தண்ணீர் எடுத்துவிட்டால் மூச்சு தாராளமாக இருக்கும் என்பது அவருடைய கணக்கு. சீனியர் அக்காவிடம் கேட்டுப் பார்த்தார். முடியாது என்று சொல்லிவிட்டார். வார்டு அண்ணனிடம் கேட்டார். அவரும் கையை விரித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை கைலிக்கு மேலே வெள்ளை ஜிப்பா போட்டு வந்தார், முழங்கால் வரைக்கும் தொங்குகிற ஜிப்பா. இன்றைக்கு எல்லாம் நான்தான் என்றதும், “அப்படியா! நல்லதும்மா, நல்லதும்மா” என்று ஏகப்பட்ட சந்தோஷம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நானோ, என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

“காலைல சாப்டீங்களா மாமா?”

“கல்யாண வூடும்மா. சாப்பாட்டுக்கா பஞ்சம்?”

செருப்பை விட்டார். போனை மேஜைமேல் வைத்தார். அப்புறம் ஒரு நொடி சும்மா நின்று என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாய் வரைக்கும் வந்தது. என்னவென்று சொல்வேன்? கைலியை இடுப்பில் பிடித்து நிறுத்துவதே அந்த பெல்ட் ஒன்றுதானே. நான் எடை மெஷினைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், “ஏறுங்க மாமா” என்றேன். அவர் மகராசனாக ஏறி நின்றார்.

டிரை வெயிட்டைவிடக் கிட்டத்தட்ட நாலு கிலோ கூடுதலாகக் காட்டியது. ரெண்டு நாள் இடைவெளி விழுந்தால்கூட அவருக்கு மூன்று கிலோவைத் தாண்டாது. கல்யாண வீட்டில் காபியும் டீயுமாக ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே கட்டிலில் படுக்க வைத்தேன். ஊசி போடுவதற்கு முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும். கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். நாலு கிலோ தண்ணீர் இருந்தால் சேற்றில் மிதித்த மாதிரி குழி விழ வேண்டும். லேசாகப் பதிந்து உடனே மேலே வந்துவிட்டது. பிரஷர் பார்த்தேன். ஏறியிருக்க வேண்டியது சாதாரணமாக இருந்தது. ஆளோ மல்லாந்து படுத்தபடி, பிரியாணிக்கு எத்தனை ஆடு என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் இரைக்காமல் பேசிக்கொண்டிருக்கிறார். நாலு கிலோ தண்ணீர் ஏறியவர் மூணு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்த வேண்டாமா?

“மாமா, எடை சரியாத்தான் இருக்குதா?”

“மிஷினு பொய் சொல்லுமாம்மா?”

அந்தப் பதில்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. தன் வாயால் பொய் சொல்ல மாட்டாரே, அதனால் மெஷினைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். எனக்கு மண்டைக்குள் பல்பு எரிந்த வேகத்தில் கோபமும் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கூச்சம் ஓடிவிடும்; சின்ன வயசிலிருந்தே அப்படி. ஆனால் சொற்கள் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. சொல்ல நினைத்தது, ‘பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி எடை பார்க்கலாம் மாமா.’ வாயிலிருந்து வந்தது, வார்டு முழுக்கக் கேட்கும்படி, “மாமா, எழுந்திரிங்க! இடுப்புல இருக்கறத எல்லாம் அவுருங்க!”

அப்புறம் பத்துக் கட்டிலும் சேர்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதில் ரெண்டு மெஷின் அலாரம் அடித்தது. சிரித்து உடம்பு குலுங்கினால் குழாயில் அழுத்தம் மாறும். பாவம், அதற்கென்ன தெரியும். பக்கத்துக் கட்டில்காரர், “பாய், பொண்ணு சொல்லுதில்ல, அவுரும்” என்று எடுத்துக் கொடுத்தார். சீனியர் அக்கா தலையைத் திருப்பிக்கொண்டு சுவரோடு நின்றார். அவர் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. என் முகம் பற்றி எரிந்தது. ஆனாலும் நான் நகரவில்லை, கையை நீட்டிக்கொண்டே நின்றேன்.

மாமா எழுந்து உட்கார்ந்து, ஜிப்பாவைத் தூக்கி, பெல்ட்டை அவிழ்த்து என் கையில் வைத்தார். கை கீழே இறங்கியது. அப்படி ஒரு கனம். பை ரெண்டையும் திறந்து பார்த்தேன். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, கைக்குட்டையில் சுற்றி, இரும்பு எடைக்கல். அரைக் கிலோ, அரைக் கிலோ. கடைக்கு எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு சும்மா கிடந்த பழைய கல். ஒரு கிலோ ஜாஸ்தி எடுக்கணும் என்பதற்காக, அளந்து சரியாக ஒரு கிலோ கொண்டுவந்திருக்கிறார்.

“சர்க்கார் முத்திர போட்ட கல்லும்மா. ஒரு கிராம் கூடாது, கொறயாது” என்றார், வியாபாரி கௌரவத்தோடு.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கினேன். “ஒரு கிலோ ஜாஸ்தி எடுத்தா நாளைக்கி மூச்சு நல்லா வரும்னா நெனச்சீங்க? ரத்தத்துல தண்ணி கொறஞ்சு இங்கியே மயக்கம் போட்டிருப்பீங்க. நாளைக்கி மேடையில இல்ல, இந்தக் கட்டில்லதான் படுத்திருப்பீங்க” என்று பொரிந்து தள்ளினேன். மறுபடி எடை பார்த்தோம். மூன்று கிலோகூட இல்லை. சரியான கணக்கைப் போட்டு, அக்கா தலையசைத்ததும், ஊசி போட்டு மெஷினை ஓட விட்டேன். மாமா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். வார்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் பேசாமல் படுத்திருந்தது அன்றைக்குத்தான். எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

மூன்றாவது மணி நேரம் நடந்துகொண்டிருந்தது. மாமா கொட்டாவி விட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. சாதாரண ஆள் கொட்டாவி விட்டால் தூக்கம். டயாலிசிஸ் கட்டிலில் கொட்டாவி விட்டால் பிரஷரைப் பார்க்க வேண்டும். நான் பக்கத்தில் போகும்போதே நெற்றி முத்து முத்தாக வேர்த்திருந்தது. கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. பிரஷர் பாதாளத்தில். தண்ணீர் எடுப்பதை நிறுத்தினேன், தலைப்பக்கத்தை இறக்கிக் கால்பக்கத்தைத் தூக்கினேன், சலைனைத் திறந்து விட்டேன். எல்லாம் பாடத்தில் படித்த வரிசையிலேயே கை தானாகச் செய்தது. வாய் மட்டும், “மாமா, என்னப் பாருங்க, கண்ண மூடாதீங்க, என்னப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. அவர் கை எதையும் தொடவில்லை.

கொஞ்ச நேரத்தில் கண்ணில் ஒளி வந்தது. உதட்டில் நிறம் வந்தது.

“காலையில சாப்டீங்களா இல்லியா? ஆமாவா, இல்லியா? ஒரே வார்த்தயில சொல்லுங்க.”

“இல்ல.”

“பிரஷர் மாத்திர?”

“போட்டுட்டேன்.”

வெறும் வயிறு, அதன் மேல் மாத்திரை. டயாலிசிஸுக்கு முன்னால் அந்த மாத்திரையைப் போடக் கூடாது என்று அவருக்கு ஆயிரம் முறை சொல்லியிருக்கிறோம். கல்யாணப் பதற்றத்தில் மறந்துவிட்டார். இனிமேல் யாரிடமும் ஆமாவா இல்லையா என்று கேட்காமல் ஊசியைத் தொடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். இன்று வரை அப்படித்தான்.

மாமா மெதுவாகக் கேட்டார். “இதுக்கே இப்படின்னா, அந்த ஒரு கிலோவும் போயிருந்தா?”

நான் சலைன் சொட்டைக் குறைத்து வைத்தேன். அவர் என் கையை லேசாகத் தட்டினார்.

ஆனால் பிரச்சினை தீரவில்லை. தண்ணீர் எடுப்பதை நடுவில் நிறுத்தியதில், எடுக்க வேண்டியதில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிட்டது. டாக்டர் வந்து பார்த்து, இன்றைக்கு இது போதும், இதற்கு மேல் இழுக்க வேண்டாம் என்றார். அதை மாமாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

“நாளைக்கி மூச்சு தாங்குமாம்மா?”

“தாங்கும் மாமா. இன்னிக்கி, நாளைக்கி, நிக்காஹ் முடியற வரைக்கும் தொண்டைய நனைக்கறதோட நிறுத்திக்கணும். சர்பத்து கெடயாது, டீ கெடயாது. இருப்பீங்களா? ஆமாவா, இல்லியா?”

“ஆமா.”

கட்டுப் போட்டு அனுப்பும்போது எடைக்கல் ரெண்டையும், அழைத்துப்போக வந்திருந்த அவர் மனைவி கையில் கொடுத்தேன். விஷயம் தெரிந்ததும் அந்த மாமி அவரைப் பார்த்த பார்வையில் நானே ரெண்டு அடி பின்னால் போனேன். சீனியர் அக்கா என் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “அடுத்த வாட்டி கொஞ்சம் மெதுவா சொல்லு” என்றார். நான் பாஸ். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் தாங்கும் என்று சொல்லிவிட்டேனே, அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். உடம்பு நான் சொன்னதைக் கேட்குமா?

மறுநாள் எங்கள் மூன்று பேருக்கும் அழைப்பு. இருந்ததிலேயே நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனோம். வாசலிலேயே ரோஸ் நிற சர்பத்து டிரே டிரேயாக வந்தது. இத்தனை டம்ளருக்கு நடுவில் அந்த மனிதர் எப்படித் தாக்குப்பிடிப்பார்? போய்ப் பார்க்கவும் வழியில்லை. பெண்களுக்குத் தனி ஹால், நடுவில் திரை. எங்களுக்கு வந்ததெல்லாம் ஸ்பீக்கர் வழியாக வந்த சத்தம் மட்டும். பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வளையல், நெக்லஸ் பேச்சில் இருந்தார்கள். நான் ஸ்பீக்கரையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஜ்ரத் ஓதி முடித்தார். மைக் கை மாறுகிற கரகரப்பு கேட்டது. அப்புறம் ஒன்றுமே இல்லை. யாரோ இருமினார்கள். மைக்கை அவர் அண்ணன்தான் வாங்கிவிட்டாரோ?

பிறகு அந்தக் குரல் வந்தது. எனக்குத் தெரியாதா அந்தக் குரல்? பிஸ்மில்லாஹ் சொன்னார். தன் பெயரைச் சொன்னார், மகளின் பெயரைச் சொன்னார், மாப்பிள்ளை பெயர், அவருடைய அத்தாவின், அதாவது அப்பாவின், பெயர், பெண்ணுக்கு மாப்பிள்ளை தருகிற மஹர் தொகை, எல்லாவற்றையும் வரிசையாக, கணீரென்று சொல்லிக்கொண்டே போனார். “உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்” என்கிற கடைசி வார்த்தை வரைக்கும் ஒரே மூச்சு. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் குரல் லேசாக உடைந்தது. மகளின் பெயரைச் சொன்ன இடம். அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை.

நான் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, இன்னும் நெருங்கி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“பொண்ணோட அத்தாவுக்கு ஏதோ ஒடம்பு முடியலன்னு சொன்னாங்க. கொரலக் கேட்டா அப்படி ஒண்ணும் தெரியலயே?”

“நல்லா இருக்காரும்மா” என்றேன்.